ஒரு எலும்பு கூடுதல்

அசையக்கூடாது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார்கள். இருபத்தைந்து நிமிடம் என்றார் ஸ்கேன் மிஷின் பார்க்கிற செய்யது, மிஞ்சிப்போனால் முப்பது. மூச்சு விடலாம், எச்சில் விழுங்கலாம், முதுகை மட்டும் அசைக்கக்கூடாது. இருபத்தெட்டு வருஷமாக அந்த முதுகை நிமிர்த்து நிமிர்த்து என்று சொல்லாத ஆளில்லை, இன்றைக்குத்தான் ஒருத்தர் அது இருக்கிறபடியே இருக்கட்டும் என்கிறார் என்று சங்கரவடிவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு குலுங்கும், வயிறு குலுங்கினால் படம் கலங்கும். சிரிப்பையும் எச்சிலோடு சேர்த்து விழுங்கிக்கொண்டாள். வலது இடுப்புக்கடியில் ஒரு தலையணையைத் திணித்து இடது பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் போட்டிருந்தார்கள். ஐந்து மாதம் முடியப்போகிற வயிறு, மல்லாந்தே கிடந்தால் பாரம் ரத்தக்குழாயை அமுக்குமாம். கையில் ஒரு ரப்பர் பந்து. தாங்க முடியாமல் போனால் அமுக்குங்கள், நிறுத்திவிடுவோம் என்றார்கள். எதைத் தாங்க முடியாமல் போனால் என்று அவள் கேட்கவில்லை. முகத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வெள்ளைக் கூரை. கழுத்தில் புது மஞ்சள் கயிறு உறுத்தியது. உலோகம் எதுவும் உள்ளே வரக்கூடாது என்றதும் அவள் மாமியார் கோமதி அத்தை வாசலிலேயே தாலிச் சங்கிலியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, மடியில் முடிந்து வைத்திருந்த கயிற்றை நடுவில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டோடு கட்டிவிட்ட பிறகுதான் உள்ளே விட்டாள். கட்டுகிறவரைக்கும் செய்யதைத் திரும்பி நிற்கச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் அத்தையிடம் முன்னேற்பாடு உண்டு.

மிஷின் அடிக்க ஆரம்பித்தது. முதலில் பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுகிற மாதிரி டொக் டொக்கென்று, பிறகு திருப்பூர் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மிஷின்கள் முப்பதும் ஒன்றாக ஓடின மாதிரி ஒரே இரைச்சல். காதில் பஞ்சை அடைத்து அதற்கு மேல் ஒரு ஹெட்போனையும் மாட்டியிருந்தார்கள், அப்படியும் சத்தம் கடைவாய்ப் பல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தனக்கே இப்படியென்றால் உள்ளே இருக்கிறதுக்கு எப்படி இருக்கும், அதற்குக் காது வந்துவிட்டதா, ஐந்து மாதத்தில் காது உண்டா, கேட்டிருக்கலாம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, இது எக்ஸ்ரே மாதிரி இல்லை, வெறும் காந்தம்தான் என்று டாக்டர் ஜெனிலா நாலு தடவை சொன்னாள். நாலாவது தடவை சொன்னபோதுதான் வடிவுக்குப் பயமே வந்தது. இப்போது அசைந்ததா? இல்லை, குடல். இல்லை, அதேதான். தொப்புளுக்குக் கீழே உள்ளிருந்து ஒரு விரல் சுண்டின மாதிரி. இன்னொரு தடவை. அசையக்கூடாது என்று அதனிடம் யாரும் சொல்லவில்லை. அதற்கும் கீழே, அடிவயிற்றில், அந்தக் கனம் இருக்கிறதா என்று பார்த்தாள். நேற்று மத்தியானம் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தபோது முதலில் தெரிந்த கனம். வலி இல்லை, வலி என்றால் சொல்லிவிடலாம், இது வெறும் கனம், நிறைந்த குடத்தை இடுப்பில் வைக்காமல் இடுப்புக்குள் வைத்த மாதிரி. இருக்கிறது. இல்லை, படுத்திருப்பதால் தெரியவில்லை. தெரியவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா? போன தடவையும் படுத்தால் தெரியாமல்தான் இருந்தது. போன தடவை என்று மனசு சொன்னதும் வடிவு சட்டென்று அதன் வாயைப் பொத்தினாள்.

டாக்டர் ஜெனிலா நல்ல பெண்தான், குறை சொல்லக்கூடாது. வடிவைவிட ஒன்றிரண்டு வயது சின்னவளாக இருப்பாள், நாகர்கோவில் பக்கத்துப் பேச்சு, மேற்படிப்புக்காக ஒரு ஆராய்ச்சி செய்கிறாள். முதுகெலும்பு வளைந்த பெண்களுக்கும் இடுப்பெலும்பு சாய்ந்த பெண்களுக்கும் பிள்ளை மாதம் நிறைவதற்கு முன்னாலேயே பிறந்துவிடுகிறதா என்பது ஆராய்ச்சி. நாற்பது பேர் வேண்டும், முப்பத்திரண்டு பேர் கிடைத்திருந்தார்கள். கர்ப்பிணிகள் வரிசையில் வடிவு நடந்து வந்த நடையைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே வந்துவிட்டாள். அத்தனை ஆசையாகத் தன் முதுகை யாரும் பார்த்ததில்லை, கட்டின புருஷன் உட்பட. தன் அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்து, மேஜை ஓரத்தில் கம்பியில் தொங்கின பிளாஸ்டிக் முதுகெலும்பைக் காட்டி, கழுத்துக்கு ஏழு, முதுகுக்குப் பன்னிரண்டு, இடுப்புக்கு ஐந்து என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். பிறகு வடிவு கொண்டுபோயிருந்த பழைய எக்ஸ்ரேயை, பதினாலு வயதில் எடுத்தது, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பேனா முனையால் எண்ணினாள். மறுபடி எண்ணினாள். மூன்றாவது தடவை எண்ணிவிட்டு, எல்லாருக்கும் ஐந்து, உங்களுக்கு ஆறு, நூற்றில் சில பேருக்குத்தான் இப்படி என்று முகமெல்லாம் மலரச் சொன்னாள். ஒரு எலும்பு கூடுதல். அதே எக்ஸ்ரேயைப் பதினாலு வருஷத்துக்கு முன்னால் பார்த்த பெரிய டாக்டர் எண்ணவெல்லாம் இல்லை, ஆபரேஷன் தேவையில்லை, சேலை கட்ட ஆரம்பித்தால் தெரியாது என்று அம்மாவிடம் சொல்லிக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார். சேலை கட்டினாலும் தெரிந்தது. வலது தோள் ஒன்றேகால் இஞ்ச் ஏற்றம், இடது இடுப்பு உள்வாங்கல், அவளுக்கு அவளே தைத்துக்கொள்கிற ஜாக்கெட்டில் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு வெட்டு. யாருக்குத்தான் இல்லை? டேப்பை வைத்துப் பார்த்தவளுக்குத் தெரியும், இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிற முதுகு ஊரிலேயே கிடையாது. வாத்தியார் சம்சாரத்துக்கு இடது தோள் அரை இஞ்ச் இறக்கம், அந்தப் பக்கம் ஒரு மடிப்பு கூடுதலாக வைத்து அவளுக்கே தெரியாமல் சரிக்கட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் வடிவு. அவளுக்கும் போய்ச் சொல்ல வேண்டும், உங்கள் முதுகை ஆராய்ச்சிக்குக் கேட்பார்கள், போய்ப் படுங்கள் என்று.

சத்தம் நின்றது. முடிந்துவிட்டதா? இல்லை, காதுக்குள் செய்யதின் குரல் வந்தது, முதல் பாகம் முடிந்தது, நல்லா இருக்கீங்க, அப்படியே இருங்க. நல்லா இருக்கீங்களாம். மறுபடியும் டொக் டொக். எண்ணிக்கொண்டே இருந்தால் நேரம் போகும் என்று எண்ண ஆரம்பித்தாள், ஒன்று இரண்டு மூன்று, ஆறில் சிக்கிக்கொண்டது. ஆறு எலும்பு, ஆறு நாள். எலும்பை மூன்று தடவை எண்ணுகிற ஊரில் ஒரு பிள்ளையை ஒரு தடவைகூட எண்ணவில்லை. டாக்டர் தாளில் கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள், வயது, உயரம், எடை, கல்யாணமாகி எத்தனை வருஷம், சொந்தத்தில் கட்டினதா, இது எத்தனையாவது பிரசவம். பக்கத்தில் நின்ற அத்தை வடிவின் தோளில், ஏறின தோளில், கையை வைத்து, "தலைச்சன் தாயி" என்றாள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். டாக்டர் ஒரு கட்டத்தில் சரி போட்டாள். வடிவு வாயைத் திறக்கவில்லை. ஊரில் கர்ப்பிணிக் கார்டு போட்ட நர்சிடமும் அத்தை இதைத்தான் சொன்னாள், அதனால் கார்டிலும் இதுதான். ஒரு பொய்யை இரண்டு இடத்தில் எழுதிவிட்டால் அப்புறம் அது பொய்யில்லை, ரிக்கார்டு. கையெழுத்துப் போடு என்றார்கள், போட்டாள். மேலே சொன்ன எல்லாம் எனக்கு விளக்கப்பட்டது, என் சம்மதத்தோடுதான் என்று இருந்தது, வடிவு முழுசாகப் படித்துவிட்டுத்தான் போட்டாள், அதுதான் கொடுமை.

அத்தையைக் கெட்டவள் என்று சொல்லிவிட்டால் சௌகரியமாக இருக்கும். சொல்ல முடியவில்லையே. பெண் பார்க்க வந்த அன்றைக்கு, அம்மா அவளைச் சுவரோடு சுவராக நிறுத்தி வைத்திருக்க, கொஞ்சம் திரும்பு தாயி என்று சொல்லி எல்லார் முன்னாலும் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் சாஞ்சிருக்கு, அதனால என்ன, நிமிந்து நிக்கவ எல்லாம் நல்லா வாழ்ந்துட்டாளாக்கும் என்று கேட்டவள் அவள். மகன் மாசானத்துக்குத் திருப்பூரில் வேலை, கல்யாணமான மறு வாரமே அவனோடு அனுப்பி வைத்தவளும் அவள். அங்கே அந்த முதல் பிள்ளை பிறந்தபோது ராப்பகலாக பஸ் ஏறி வந்து நின்றவளும் அவள்தான். ஆனால் பிள்ளை போன பிறகு ஊருக்குத் திரும்பும் வழியில், மதுரை தாண்டின பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். வளையல் போடுறதுக்கு முந்திப் பிறந்தது கணக்கில வராது வடிவு, யார் கேட்டாலும் ஒண்ணும் இல்லைன்னு சொல்லு, போனதை எண்ணிக்கிட்டு இருந்தா அது அடுத்ததைத் தேடி வரும். வளைகாப்புக்கு ஏழாம் மாதத்தில் நாள் குறித்திருந்தார்கள், பிள்ளை ஆறரையில் வந்துவிட்டது. ஆகவே வளைகாப்பு பாக்கி. ஆகவே இதுதான் தலைச்சன். கோமதி அத்தையின் கணக்கில் ஓட்டை கிடையாது. வருகிற மாதம் ஏழு வகைச் சாதத்தோடு மேளம் வைத்து வளைகாப்பு. மாசானம் போனில், அம்மா சொன்னபடி செய் என்கிறான். அவனுக்கு எது பேசினாலும் நெட்வொர்க் போய்விடும்.

ஆனால் அத்தை மட்டுமா? சொல்லு வடிவு, இங்கே ஒருத்தரும் இல்லை, குழாய்க்குள் நீயும் உன் முதுகும்தான், சொல்லு. உனக்கும் ஆசை இருந்தது. ஊரில் எத்தனை பேர் வளைகாப்புக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்திருப்பாய், பட்டுக்கு மேட்ச்சாக, வயிறு தாழ்ந்த பிறகும் போடுகிற மாதிரி பக்கத்தில் இரண்டு இஞ்ச் உள்மடிப்பு விட்டு. கை நிறையப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரும் சந்தனம் பூசுவதற்குக் கன்னத்தைக் காட்ட வேண்டும் என்று, சாய்ந்த தோளுக்கும் மாலை விழ வேண்டும் என்று ஆசைப்பட்டாய். அதற்கு இது தலைச்சனாக இருக்க வேண்டும். அதற்கு அது இல்லாமல் இருக்க வேண்டும். நீயும் சேர்ந்துதான் அழித்தாய். பெற்றவளே கணக்கில் இல்லை என்று தலையாட்டினால் மற்றவர்களுக்கு என்ன வந்தது? ரப்பர் பந்தைக் கை தானாக இறுக்கியது, அமுக்கிவிடப் போகிறோம் என்று பயந்து விரல்களைப் பிரித்தாள். முதுகில் வேர்த்து ஒழுகியது. ஏசி அறையில் வேர்வை.

எண்ணூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தடவைதான் பார்க்கவிட்டார்கள், இவளுக்குக் காய்ச்சல், மேல் மாடியில் கிடந்தாள். சக்கர நாற்காலியில் கீழே தள்ளிக்கொண்டு வந்து காட்டினார்கள். குப்புறப் படுத்துக் கிடந்தது. முதுகு தெரிந்தது. தோல் அவ்வளவு மெல்லிசு, முதுகுத்தண்டு ஒவ்வொரு கண்ணியாகத் தெரிந்தது, நேராக, கழுத்திலிருந்து இடுப்புவரை நேர்கோடாக. இவளுடைய வளைவு அதற்கு இல்லை. வடிவு அன்றைக்கு நினைத்தது அதைத்தான், வேறொன்றும் நினைக்கவில்லை, அப்பாடா நேராக இருக்கிறது என்று. எத்தனை எலும்பு என்று எண்ணியிருக்கலாம். அன்றைக்குத் தெரிந்திருந்தால் எண்ணியிருப்பாள். ஆறாம் நாள் சாயங்காலம் அத்தை மேலே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போயிருச்சு வடிவு என்றாள். வடிவு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் டிரிப்ஸைக் கழற்ற வந்த நர்ஸ், மலையாளத்துப் பெண், அத்தை இல்லாத நேரம் பார்த்துக் குனிந்து மெதுவாகச் சொன்னாள். உனக்கு வலியே இல்லாமல் வாய் திறந்திருக்கிறது, கர்ப்பப்பை வாய், அதற்குப் பலம் இல்லை, மறுபடி உண்டானால் ஐந்து மாதத்துக்குள் போய் நடந்ததைச் சொல், அளந்து பார்த்துத் தேவையென்றால் தையல் போடுவார்கள், ஆறு மாதத்தில் போய் நின்றால் ஒன்றும் செய்ய முடியாது. தையல் என்றதும் வடிவுக்குப் புரிந்துவிட்டது, சுருக்குப் பைக்கு வாயில் கயிறு கோர்த்து இழுக்கிற மாதிரி. அவ்வளவுதானா? ஒரு தையலா? தைக்கிறவள் வயிற்றில் ஒரு தையல் இல்லாமல் போனதா? அந்த நர்ஸ் பேர்கூடத் தெரியாது. ஐந்து மாதத்துக்குள் என்றாள். இன்றைக்கு இருபத்தோரு வாரம் என்று டாக்டர் தாளில் எழுதினாள். ஐந்து மாதம் என்றால் எத்தனை வாரம்? இருபதா, இருபத்திரண்டா? மாதத்துக்கு நாலு வாரம் என்றால் முடிந்துவிட்டது. முப்பது நாள் என்றால் இருக்கிறது. இருக்கிறது, இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

சரி, சொல்லவில்லை என்றே வைத்துக்கொள். இது தங்கிவிட்டால் நல்லது, மேளம், வளையல், எல்லாம். தங்காவிட்டால்? தங்காவிட்டால் ஜெனிலா தாளில் எழுதுவாள், முப்பத்து மூன்றாவது பெண், இடுப்பில் ஆறு எலும்பு, தலைப்பிரசவம், குறைமாதம். எழுதி, கூட்டி, முதுகு வளைந்தவளுக்குப் பிள்ளை தங்காது என்று கோடு போட்டுக் காட்டுவாள். புஸ்தகத்தில் வரும். எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு பெண்ணைச் சுவரோடு சுவராக நிறுத்தி வைத்திருப்பார்கள், வந்தவர்களில் ஒருத்தர் படித்த ஆள் இருப்பார், டாக்டர்களே சொல்லிட்டாங்களாமே என்பார். கோமதி அத்தை மாதிரி ஒருத்தி எல்லா வீட்டிலும் இருக்கமாட்டாள். இத்தனை நாள் எந்தப் பழியானாலும் முதுகு வாங்கிக்கொண்டது, இதையும் வாங்கிக்கொள்ளும், அது ஒன்றும் சொல்லாது. வாங்கட்டுமே, எனக்கென்ன, யாரோ ஒருத்தி. இல்லை, அது இல்லை, அந்தப் பெண்ணைப் பற்றி இல்லை, பெரிய தியாகி மாதிரி யோசிக்காதே. இந்தக் கனத்தைப் பற்றி யோசி. இருக்கிறதா இல்லையா? இருக்கிறது. நேற்றிலிருந்து இருக்கிறது. வாய் திறந்துகொண்டிருக்கலாம், இதோ இந்த நிமிடம், மிஷின் எலும்பை எலும்பாகப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அதற்கு நாலு விரல் கீழே திறந்துகொண்டிருக்கலாம், அங்கே யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் பார்க்கச் சொல்லவில்லை. சொன்னால் அத்தைக்கு முகம் போகும். எண்ணினால் தேடி வரும். வருமா? எண்ணூறு கிராம், அதற்கு எப்படி வழி தெரியும், நடக்கக்கூடத் தெரியாததைப் பார்த்தா இத்தனை பேர் பயப்படுகிறோம்? அது வந்தால் வரட்டும். பாவம், வந்தால் என்ன. அழக்கூடாது, அழுதால் நெஞ்சு குலுங்கும், படம் கலங்கும். அழுதாள். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கிப் பஞ்சை நனைத்தது. முதுகை அசைக்கவில்லை.

சத்தம் நின்று, பலகை வெளியே நகர்ந்தது. செய்யது ஹெட்போனைக் கழற்றிவிட்டு மெதுவா எந்திரிங்கம்மா என்றார். ஜெனிலா உள்ளே ஓடிவந்தாள், கண்ணெல்லாம் சிரிப்பு, படம் அருமையாக வந்திருக்கிறது, ஆறாவது எலும்பு அவ்வளவு தெளிவு, கொஞ்சம்கூட அசையவில்லை நீங்கள் என்று பாராட்டினாள். வடிவு பலகையில் உட்கார்ந்து கால்களைத் தொங்கப்போட்டாள். உட்கார்ந்ததும் கனம் கீழே இறங்கி நின்றது.

"டாக்டர், இது எனக்கு ரெண்டாவது பிள்ளை" என்றாள்.

ஜெனிலாவுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோய், கையிலிருந்த அட்டையைத் திறந்து சரி போட்ட கட்டத்தைப் பார்த்தாள். இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டாள். இந்த ஆராய்ச்சியில் முதல் பிரசவக்காரர்களை மட்டும்தான் சேர்க்கலாம், ஒரு தடவை குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு மறுபடியும் அப்படி ஆக வாய்ப்பு அதிகம், அப்புறம் முதுகினால் ஆனதா வேறு எதனால் ஆனதா என்று பிரிக்க முடியாது, உங்கள் படத்தை நான் உபயோகிக்கவே முடியாது என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அழுதுவிடுவாள் போல இருந்தது. ஒரு நாள் முழுக்க மிஷினுக்காகக் கெஞ்சி நேரம் வாங்கியிருந்தாளாம். பேனாவை எடுத்து வடிவின் பேருக்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். ஆக இங்கேயும் கணக்கில் வராமல் போயாயிற்று என்று வடிவு நினைத்தாள். அத்தனை அருமையான ஆறு எலும்பும் ஒரு நொடியில் வேண்டாததாகிவிட்டது. கோடு இழுத்து முடித்த பிறகுதான் அந்தப் பெண் டாக்டரானாள். எத்தனை மாதத்தில் பிறந்தது, வலி வந்ததா, தண்ணீர் முதலில் உடைந்ததா என்று கேட்டாள். வடிவு நர்ஸ் சொன்னதைச் சொன்னாள், நேற்றிலிருந்து கனமாக இருப்பதையும் சொன்னாள். ஜெனிலா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை, போனை எடுத்துப் பிரசவ வார்டுக்குப் பேசினாள், செய்யதிடம் சக்கர நாற்காலி கேட்டாள்.

வெளியே பெஞ்சில் தாலிச் சங்கிலியை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தையிடம் ஜெனிலா அத்தனை பேருக்கு முன்னாலும் கேட்டாள், நீங்கள் சொன்ன பொய்யால் இந்தப் பிள்ளையும் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று. அத்தை வடிவைத்தான் பார்த்தாள். வடிவு பார்க்கவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனபோது பின்னால் அத்தையின் செருப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. பிரசவ வார்டில் திரைக்குப் பின்னால் வேறொரு டாக்டர் அளந்து பார்த்தார். கர்ப்பப்பை வாயின் நீளம் ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கிறது, உள்பக்கம் திறக்க ஆரம்பித்திருக்கிறது, நாளைக் காலையில் தையல் போட்டுவிடலாம், போட்டாலும் உறுதி சொல்ல முடியாது, இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் அதுவும் இல்லை என்றார். வடிவு கூரையைப் பார்த்துக்கொண்டு சரி என்றாள்.

அட்மிஷன் மேஜையில் இருந்த நர்ஸ் நடுத்தர வயசு, எதற்கும் நிமிர்ந்து பார்க்காமல் எழுதுகிறவள். பழைய கார்டைத் தள்ளிவைத்துவிட்டுப் புதுத் தாளை எடுத்தாள். பேர், ஊர், புருஷன் பேர். எத்தனையாவது? ரெண்டாவது. முதல் பிள்ளை எந்த வருஷம், எத்தனை மாதத்தில், என்ன பிள்ளை? பொம்பளப் பிள்ளை என்று வடிவு சொன்னாள். இந்த இரண்டு வருஷத்தில் அதை யாரும் கேட்டதில்லை. உயிரோடு பிறந்ததா? ஆமா. எத்தனை நாள் இருந்துச்சு? ஆறு நாள். நர்ஸ் ஆறு என்று எழுதினாள்.

"ஏழு" என்றாள் அத்தை.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை சுவர் ஓரமாக நின்றிருந்தாள். ஆறா ஏழா, ஒன்றைச் சொல்லுங்கள் என்றாள் நர்ஸ்.

"ஏழு தாயி. ஏழாம் நா காலைல, வெயில் வந்தபெறவு." அத்தை வடிவிடம் பேசவில்லை, மேஜையிடம் பேசினாள். "விடியறதுக்குள்ள போயிரும்னு அங்க டாக்டர் சொல்லிட்டாரு. இவ காய்ச்சல்ல கெடக்கா, இதை வேற பாத்துக்கிட்டு இருக்கணுமான்னு நான்தான் சாயங்காலமே போயிருச்சுன்னு சொல்லிட்டேன். அது விடியிற மட்டும் இருந்துச்சு. நான் கண்ணாடி பக்கத்துலதான் நின்னேன்."

எண்ணாதே என்றவள் எண்ணி வைத்திருக்கிறாள், வெயில் முதற்கொண்டு எண்ணி வைத்திருக்கிறாள். வடிவுக்கு அந்தச் சுவர் ஞாபகம் வந்தது, மேல் மாடிச் சுவர், பச்சைப் பெயின்ட், அதைப் பார்த்துத் திரும்பிப் படுத்தது. படுத்திருந்த அத்தனை நேரமும் நேர் கீழே அது மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. படி இறங்கினால் போதும், இருபது படி. தாய் இல்லாமல் ஒரு ராத்திரி முழுக்க இருந்துபார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறது. அத்தையை அறைய வேண்டும்போல் இருந்தது, அவள் காலைக் கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றதற்காக அழ வேண்டும்போலவும் இருந்தது, இரண்டுக்கும் எழுந்திருக்க முடியவில்லை, எழுந்திருக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

நர்ஸ் பேனாவோடு காத்திருந்தாள்.

"ஏழுன்னே எழுதுங்க சிஸ்டர்" என்றாள் வடிவு.